கால் திருப்பு

கயிற்றைப் பதினேழு தரம் இழுத்தாயிற்று.
என் தோள்பட்டை சூடாகிவிட்டது,
எஞ்சின் ஆகவில்லை.
காசிமேட்டுக் கல்லறையில்
நாளை மறுநாள் திருநாள்.
இடுப்பளவு நிற்கிறது புல்.
ஐப்பசி மழை ஆள் பார்த்தா பெய்யும்?

சோக் போட்டால் இருமுகிறது,
எடுத்தால் படுத்துக்கொள்கிறது.
"பிளக்கை மாத்து புளோரா" என்கிறார் மேஸ்திரி தணிகாசலம்.
அவருக்கு எல்லா நோய்க்கும் பிளக்தான்.
கழற்றிப் பார்த்தேன், உலர்ந்து கிடக்கிறது.
உலர்ந்த பிளக் என்றால்
வயிற்றுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

எஸ்தர் கமலவேணி அம்மாளின் சலவைக்கல்மேல்
(மன்னிக்கணும், இங்கே இதுதான் சமதளம்)
பழைய பனியனை விரித்து
கார்புரேட்டரைப் பிரித்தேன்.
நாலு திருகு.
ஒன்றுக்கு உப்புக்காற்றில் தலையே இல்லை.
உள்ளே டயாஃப்ரம்
பொரிக்காத அப்பளமாய் விறைத்திருந்தது.
சல்லடையில் பச்சையாய் ஏதோ தூள்.
மாசியில் டேங்கிலேயே விட்ட பெட்ரோல்
ஈரம் குடித்து
எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்த வேலை.

விட்டது யாரென்றால்
நான்தான்.
அன்றைக்குப் பெண்ணுக்கு அம்மை.
போட்டது போட்டபடி ஓடினேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய கிட்
நூற்று நாற்பது, பில் கிடையாது.
புதுப் பெட்ரோல் லிட்டருக்கு
நாற்பது மில்லி ஆயில்:
இருமல் மருந்து மூடியால் நாலு மூடி.
அந்த மூடியை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

ரெண்டு திருகையும்
முட்டும்வரை உள்ளே, அழுத்தாமல்.
அங்கிருந்து வெளியே ஒன்றரைச் சுற்று.
பத்தொன்பதாவது இழுப்பில் பிடித்தது.
நீலப்புகை சிலுவைகளுக்கு நடுவே போய்
கடல் பக்கம் வழி கேட்டது.

சூடேறட்டும்.
முதலில் எல் திருகு.
விசையை அழுத்தினால் யோசிக்கக் கூடாது,
விட்டால் தலை சுற்றக் கூடாது.
இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க
ஸ்க்ரூடிரைவர் நுனி
நெல்லளவு போய் நெல்லளவு வந்தது.

அப்புறம் ஹெச்.
முழு விசையில்
லேசாகத் திக்கியது.
"தொண்டைய அடைக்குது பாரு, இறுக்கு" என்றார்.
போன வருஷம் இறுக்கினோம்.
விசிலடித்த மாதிரி ஒரே சுருதி.
இப்பதான் மெஷினு என்று
அவரே தோளில் மாட்டிக்கொண்டார்.
பதினோராவது நிமிஷம்
பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டது.
நாலாயிரத்து இருநூறு,
என் கூலியில் ஏழு பிடித்தம்.

அதனால் கேட்காத மாதிரி
கால் திருப்பு வெளியே விட்டேன்.
இன்னும் நன்றாகத் திக்கியது.
இருக்கட்டும்.
வெறும் காற்றில்தான் திக்கும்.
புல்லுக்குள் நைலான் நுழைந்ததும்
குரல் தானாகத் தெளிந்துவிடும்.
தெளிந்தது.
மேஸ்திரி டீ குடிக்கப் போனார்.

மூன்று வரிசை முடித்தேன்.
காலில் புல்சாறு, ஒரு நத்தையின் ஓடு,
போன வருஷ மெழுகின் துண்டுகள்.
சுண்ணாம்புச் சிலுவை பக்கம் நைலான் ஆகாது,
காரை தெறிக்கும்.
அங்கே கையால்தான் பிடுங்க வேண்டும்.
பெயர் அழிந்ததையும் பிடுங்கினேன்,
அதற்கும் அதே கூலி.

இருட்டியதும்
டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்து
மிச்சம் தீரட்டும் என்று ஓட விட்டேன்.
இந்த முறை பெண்ணிடம் சொல்லியாயிற்று, லேட்டாகும்.
தீரப்போகும் கடைசி அரை நிமிஷம்
சத்தம் கிடுகிடுவென்று ஏறும்.
திக்கலெல்லாம் போய்
பிறந்ததிலிருந்து இப்படித்தான் என்பதுபோல் பாடும்.
கேட் பக்கம் நின்ற மேஸ்திரி
"சொன்னேன்ல, இப்பதான் ரெடி ஆயிருக்கு" என்றார்.

நான் விசையில் விரலை எடுக்கவில்லை.
தூறல் மஃப்ளர்மேல் விழுந்து
சுர் சுர்ரென்றது,
எஞ்சின் நின்ற பிறகும்.