மேற்குச் சுவர்

வியாழன் மதியம் பாலாற்றுப் பாலம் தாண்டி
காட்பாடிப் பக்கம் பாடம் எடுக்கப் போகிறேன்.
கீழே ஆறு இல்லை. மணலும் அதிகமில்லை.
நான் கணக்குப் போட்ட தூண்களுக்குள்
கொஞ்சம் போயிருக்கும்.

கட்டடக்கலை மாணவர்களுக்கு நான் 'லோடு சார்'.
அவர்கள் வரைந்து முடித்த பிறகு வருவேன்,
தூண் எங்கே என்பேன்.
அழைக்காத விருந்தாளி மாதிரி ஒன்று
கூடத்தின் நடுவே வந்து நிற்கும்.
அடுத்த மணி ஹெப்சிபா மேடம் வருவார்,
வெயில் எங்கே போகும் என்பார்.
ஒரு தட்டி முளைக்கும்.
இப்படியே ஐந்து வருடம்.

இந்தப் பருவம் எங்களுக்கும்
டிசைன் எடுக்கும் இளவழுதிக்கும் ஒரே மேசை.
மேசைதான் ஒன்று,
நாற்காலிகள் தள்ளித் தள்ளி.

மேல்விஷாரத்து தஹ்சீன் கொண்டுவந்தது,
ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்தவர்கள்
இரவு படுக்க ஒரு கூடம்.
மேற்கே முழுக்கக் கண்ணாடி.
"மலை தெரியணும் சார்."
தெரியும். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது
விடிய விடியத் திருப்பிக் கொடுப்பதும் தெரியும்.

ஹெப்சிபா ஊதுபத்தி கொளுத்தி
அட்டை மாடலுக்குள் நீட்டினார்.
புகை உள்ளே போய்
டோக்கன் வாங்கியதுபோல் உட்கார்ந்துகொண்டது.

என் முறை.
முப்பதடி உத்தரம்,
சுவரோடு ஒளிந்து தட்டையாய் நிற்கும் தூண்கள்.
"திருப்பணும். உத்தரம் போகிற திசையில் அகலம் வேணும்."
"வெளியே துருத்துமே சார், ரெண்டடி!"

ஹெப்சிபா பேசவில்லை.
அட்டைத் துண்டுகளைப் பிய்த்துத் திருப்பி ஒட்டினார்.
செல்போன் டார்ச்சை மேற்கில் பிடித்து
மூன்று மணி, நாலு மணி என்று இறக்கினார்.
தூண் தூணாகக் கண்ணாடியை
நிழல் மூடிக்கொண்டு வந்தது.
ஐந்தரைக்கு ஒரே ஒரு கீற்று உள்ளே.
"அது இருக்கட்டும்" என்றாள் தஹ்சீன்.

நான் படித்த பாடத்தில்
காற்று வந்தது, தள்ளும் விசையாக.
மழை வந்தது, கசிவாக.
வெயில் ஒரு மார்க் கேள்வியாகக்கூட வரவில்லை.
சத்துவாச்சாரியில் நானே கம்பி கணக்குப் போட்ட வீடு
இடிந்து விழாது, எழுதித் தருகிறேன்.
மே மாதம் அதற்குள் தூங்கவும் முடியாது.

மார்க் தாளில் இன்னும் மூன்று கட்டம்:
வடிவமைப்பு, கட்டுமானம், சூழல்.
திருப்பி வைத்த தூணுக்கு எதில் போடுவது என்று
ஆறு மணி வரை சண்டை.

படியிறங்கும்போது தஹ்சீன் கேட்டாள்,
"உங்க வீடு எந்தப் பக்கம் பார்த்தது சார்?"

கூரை அஞ்சு அங்குலம் என்றேன்.