வான் பாயுமிடத்தில் இறங்க வேண்டாம்

கடிதத்தில் 'இளைப்பாறுகிறார்' என்றிருந்தது.
எனக்கு எங்கே இளைத்தது?
முப்பத்தொரு மாரி
தலையணைக்குக் கீழே தொலைபேசியோடு படுத்தவள்.
மிதிவெடி அகற்ற வந்தவர்கள் நட்ட
சிவப்புத் தடிகளுக்கு நடுவே மட்டம் பார்த்து
அணைக்கட்டைத் திரும்ப எழுப்பியவள்.
பிரியாவிடையில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.
சொல்லி, ஒரு சுவர்க்கடிகாரமும் தந்தார்கள்.
இனி எந்த நேரத்துக்கு என்று
ஒருவரும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒட்டுசுட்டான் வீட்டுக்கு வந்தேன்.
புரட்டாதியில் அலுமாரிகளை அடுக்கினேன்.
ஐப்பசியில் அவற்றைத் திரும்பவும் அடுக்கினேன்.
"கிணத்துக்கும் ஒரு பதிவேடு போடப்போறீரோ?"
என்று சிரித்தார் இவர்.
போட்டிருந்தேன். நீலக் கொப்பி, மேல்தட்டில்.
காலை: பதினாலு அடி.
மாலை: பதினாலு அடி.

கார்த்திகை பதினெட்டு, இரவு இரண்டு மணி.
குசினித் தகரத்தில் மழை கொட்டுகிறது.
கை தானாகப் போய்த் தொலைபேசியைத் தடவுகிறது.
ஒரு அழைப்பும் இல்லை.
இவர் குறட்டை விடுகிறார்,
மழையை என்னிடம் விட்டுவிட்டு.
மேலே காட்டில் இப்படிப் பெய்தால்
விடிய முன் குளம் இருபத்துநாலடி தொடும்.
ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய்ப்
படலைக்கு வெளியேதான் ஸ்டார்ட் பண்ணினேன்,
களவுக்குப் போகிறவள் மாதிரி.

வான்கதவடியில் ஒரு டோர்ச் வெளிச்சம்.
அதற்குப் பின்னால் ரஜிதரன்,
என் கதிரையில் இப்போது இருக்கிறவன்.
இரண்டு கதவை அரையடிக்குத் திறந்திருந்தான்.
நானென்றால் மூன்று.
நானென்றால் ஒரு மணித்தியாலம் முந்தி.
"சரிதானே, மேடம்?"
நாக்கு நுனிவரை வந்து நின்றது மூன்றாவது கதவு.
இத்தனை வருடத்தில் நான் திறந்த
எந்தக் கதவையும் விடக் கனமாயிருந்தது
அதைத் திறக்காமல் வைத்திருப்பது.
"உம்மட குளம்," என்றேன்.

விடிந்தது. கட்டு நின்றது.
அவனுடைய இரண்டு கதவே போதுமாயிருந்தது.
அது கொஞ்சம் வலித்தது;
சொல்லத்தானே வேண்டும்.

வானுக்குக் கீழே சனம்.
சாறத்தை மடித்துக் கட்டியவர்கள்,
பள்ளிக்கூடத்துக்கு ஒளித்த பிள்ளைகள்,
வெள்ளத்தை எதிர்த்துத் துள்ளும் விரால்கள்.
இவர்களை எத்தனை மாரி விசிலடித்துக் கலைத்திருப்பேன்!
வாய்க்கால் கூட்டத்தில் என்னோடு
எப்போதும் சண்டை பிடிக்கிற பவளக்கொடி
என்னைக் கண்டதும் நுளம்பு வலையைச் சுருட்டி
முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.
பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவளாய்,
விரித்தாள்.
மற்ற முனையை என்னிடம் நீட்டினாள்.

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.
இவ்வளவு குளிர் என்று
எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதியதில்லை.
வலைக்குள் ஒன்று உதறியது.
"விட்டுடாதை! விட்டுடாதை!" என்று
யாரோ கத்துகிறார்களே என்று பார்த்தால்
நான்.

பின்னால் விசில்.
திணைக்களத்துப் பெடியன், புதியவன், என்னைத் தெரியாதவன்,
பலகையைக் காட்டிக் காட்டிக் கத்துகிறான்.
வான் பாயுமிடத்தில் இறங்க வேண்டாம்.
கீழே, பொறியியலாளரின் கையொப்பம்.
பாதி நிறம் போயிருந்தாலும்
என்னுடையதுதான்.

சோட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
எல்லோரோடும் சேர்ந்து ஓடினேன்.
மருதமரத்தடியில் வைத்துப் பவளக்கொடி பங்கு பிரித்தாள்:
"எனக்கு மூண்டு. வலை என்ர.
உங்களுக்கு ரெண்டு."
ரெண்டு போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
வரவில்லை.
அப்படி இளைத்தது.