ஒரு ரொட்டிச் சீட்டு

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது, ஜனவரி.
ஹாலிஃபாக்ஸ் ஏழையர் விடுதிப் பதிவேடு.
மை பழுப்பேறிவிட்டது, கையெழுத்து மட்டும்
இன்னும் இஸ்திரி கலையாத சட்டை.

எழுதியவர் லவிபாண்ட். தெற்கே கென்ட்டிலிருந்து
மாற்றலாகி வந்து ஒன்பது நாள்.
எதிரே ஜேபஸ் ஆக்ராய்ட்,
கம்பளி ஆலையில் சாயத்தொட்டி கலக்கியவன்,
நகக்கண்ணெல்லாம் நீலம்.
அவன் சொன்னது ஒரே வினைச்சொல்:
ஸ்டார்வ்.

லவிபாண்ட் தலையசைத்தார்.
ஒரு ரொட்டிச் சீட்டு கிழித்தார்.

வெகு முன்னே
அந்தச் சொல்லுக்கு வயிறும் இல்லை தோலும் இல்லை.
சாவு, அவ்வளவுதான்.
வாள் பட்டவனும் காய்ச்சல்காரியும்
கிழமாகிக் கட்டிலில் கிடந்த அரசனும்
அந்த வினையில்தான் செத்தார்கள்.
பிறகு வடகடல் தாண்டி வந்தவர்களோடு
'டை' வந்து இறங்கியிருக்க வேண்டும்.
ஒற்றை அசை. வந்த வேகத்தில்
நடுவீட்டில் பாய் விரித்துக்கொண்டது.
பழைய சொல் மூலைக்கு ஒதுங்கிற்று,
தெற்கே பசிக்கு, வடக்கே குளிருக்கு.
ஜெர்மானியர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட அதன் தங்கை மட்டும்
இன்றும் முழுச் சாவையும் ஆள்கிறாள்.

இன்னும் தோண்டினால்
விறைத்தல் என்றொரு வேர் இருக்கிறதாம்.
உறுதியில்லை.
வேர் தேடும் விரல்
சில நேரம் மண்கட்டியைப் பிடித்துவிட்டு
கிடைத்தது என்று கத்தும்.

மணி ஒன்று. ஆவணக் காப்பகத்தில்
ஹீட்டர் மறுபடி மக்கர்.
அடுத்த மேசை ஹெஸ்தர் கையைத் தேய்த்தபடி
அதே வினைச்சொல்லைச் சொல்கிறாள்.
அவள் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள்;
ஆனாலும் மணி ஒன்று.
பசியா, குளிரா என்று கேட்டேன்.
முதலில் ஜன்னலைச் சாத்து என்றாள்.

இருபத்துமூன்றாம் தேதி. வேறு மை.
ஆக்ராய்ட், ஜே., நள்ளிரவுக்குப் பின், தொழுவத்து வாசலில்.
உடைமை: ரொட்டி ஒன்று, கடிபடாதது,
சட்டைக்குள், நெஞ்சோடு.
அடுப்பிலிருந்து இறக்கியவுடன்
கொடுத்திருப்பார்கள் போலும்.

காரணம் என்ற கட்டத்தில்
லவிபாண்ட் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்.
அடித்திருக்கிறார்.
தாள் கிழிகிற அளவுக்கு அடித்துவிட்டு
பக்கத்திலேயே, சற்றுச் சாய்ந்த எழுத்தில்,
மறுபடியும் அதையே எழுதியிருக்கிறார்.