எட்டு விரல்கள்

கும்ரி. ரயிலடி. பாஸ்போர்ட் படக்கடை.
கதவைச் சாத்திவிட்டு
அர்ஷலூய்ஸ் எடுத்த முகங்களைப்
பூதக்கண்ணாடி வைத்துத் துழாவுகிறேன்.

மூக்கின் நிழல் உதட்டைத் தொடாமல் நிற்கிறது.
ஒளி இடப்பக்கம், சற்றே மேலே.
அதுவரை கணக்கு சரி.
எந்த விளக்கு இத்தனை மெத்தென்று விழும்?

ரொட்டிக்காரியின் கண்மணியில்
ஒரு வெள்ளைச் சதுரம்,
படுக்கை விரிப்பு.
மேல்விளிம்பில் எட்டு விரல்கள்,
ஒன்றில் நகமில்லை.

அடுத்த படம்: தச்சன்.
மடியில் கிடக்கிறது
அதே மொட்டை விரல்.

வரிசையில் பின்னால் நின்றவர்தான்
முன்னவருக்கு வெளிச்சம் பிடித்திருக்கிறார்.

காலையில் லாரிக்காரர் ஹமாயக்.
அவர் பின்னே பனியை உதறியபடி ஒருத்தி.
மேஜைத்துணியை உருவி அவளிடம் நீட்டினேன்.
"எவ்வளவு நேரம்?" என்றாள்.

பாஸ்போர்ட்டுக்கு இதெல்லாம் எதுக்கு
என்று முனகிய ஹமாயக்
தொப்பியைக் கழற்றி
தலையை ஒருமுறை கோதிக்கொண்டார்.