ஒற்றுப் பிழை

தட்டாதெருச் சந்திக்குக் கிட்ட எங்கள் அச்சகம்.
நான் அங்கே பிழை பார்க்கிறவள்.
பதினாறு வருடமாய் என் மேசையில்
செத்தவர்களின் கல்வெட்டுகள்:
முதல் பக்கம் படம், நடுவில் பதிகங்கள்,
கடைசியில் நன்றி நவிலல்,
கனடாப் பேரப்பிள்ளைகளின் பெயர்கள்.
முப்பத்தோராம் நாளுக்கு முன் எல்லாம் முடிய வேண்டும்.

பிழை பார்க்கும் கண்
ஐந்து மணிக்குக் கழற்றி வைக்கிற கண்ணாடி அல்ல.
கூடவே வீட்டுக்கு வரும்.
கணவர் இரண்டு தரம் இருமினால்
அவருடைய கல்வெட்டுக்கு அட்டை நிறம் யோசிப்பேன்.
வவுனியாவில் படிக்கும் மகளின் போனுக்குப்
பதில் இல்லாத இருபது நிமிடத்தில்
பஸ் கவிழும், ஆஸ்பத்திரி வரும்,
அடையாளம் காட்டப் போகிற நான்
எந்தச் சேலையில் நிற்கிறேன் என்பது வரை தெரியும்.
பிறகு அவள் கதைப்பாள்: "சார்ஜ் இல்லையம்மா."
அந்த ஆறுதலிலும் ஒரு பிழை கண்டுபிடிப்பேன்.
இண்டைக்குத் தப்பியது. நாளைக்கு?

பதிகப் பக்கங்களை நான் பார்ப்பதில்லை.
அவை கம்ப்யூட்டரில் நிரந்தரமாய்க் கிடப்பவை.
ஆள் மாறும், படம் மாறும்,
சுபாங்கன் அவற்றை அப்படியே எடுத்து ஒட்டுவான்.
கடவுளோடு எனக்கும் அப்படி ஒரு ஏற்பாடு:
காலையில் திருநீறு, வெள்ளிக்கிழமை வைரவருக்கு விளக்கு,
மேற்கொண்டு பேச்சில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம்
அளவெட்டியிலிருந்து ஒருத்தி வந்தாள்.
தாயின் கல்வெட்டு. ஐந்நூறும் அச்சாகிவிட்டது.
அவள் சத்தம் போடவில்லை.
போட்டிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும்.
"அம்மாவுக்குப் பாடமான பதிகம் அக்கா.
கடைசியிலையும் இதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவ.
நாலாம் வரியிலை 'பயன்' எண்டு வரவேணும்.
'பயம்' எண்டு போட்டிருக்கிறியள்."

பழைய கோப்புகளைத் திறந்தேன்.
போன வருடம், பயம்.
அதற்கு முந்தின வருடமும்.
எத்தனை வீட்டில், எத்தனை குத்துவிளக்குக்கு முன்னால்
வாய்விட்டு வாசித்திருப்பார்கள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை என்று
முதலாளியிடம் சொன்னேன்.
முழு உண்மை அல்ல.
இரண்டொரு தரம் கண் பட்டிருக்கிறது.
பயம் என்று இருந்தது.
சரியாய்த்தான் இருக்கிறது என்று தாண்டியிருக்கிறேன்.

மறுபடி அச்சடிக்க நாளில்லை.
ஐந்நூறையும் வீட்டுக்குக் கொண்டுவந்து
மை பேனையால் ஒவ்வொன்றாய்த் திருத்தினேன்.
நூற்றைம்பதுக்கு மேல்
அந்த எழுத்தை மட்டும் பார்க்க ஏலவில்லை,
கண் மேல்வரிக்கு ஏறியது, கீழ்வரிக்கு இறங்கியது,
வாய் தன்பாட்டில் வாசிக்கத் தொடங்கியது.

சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கணவர்,
கோயில் புராணப் படிப்பை நினைத்து,
"வாசிச்சாச்செல்லே, இனிப் பயன் சொல்லும்" என்றார்.
பகிடிக்குத்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் தலைக்குள்ளும் இத்தனை காலம் ஒரு படிப்பு நடந்தது,
என்ன நடந்தாலும் ஒருத்தி வாசிப்பாள்,
இன்னொருத்தி உடனே பயம் சொல்லுவாள்.

இப்போது இரவில் ஒரு பக்கம் வாசிக்கிறேன்.
விளங்காத சொல் நிறைய.
அவற்றிலும் சில,
கிணற்றடிக் கல்லைப் போல, கால் வைக்கத் தாங்குகின்றன.
ஒருநாள் வாசிக்காமல் படுத்துவிட்டு
எழும்பி விளக்கைப் போட்டேன்.
யாரோ காத்திருப்பது போல இருந்தது.

குணமாகிவிட்டதா என்றால், இல்லை.
நேற்றும் மகளின் போன் சும்மா அடித்தது.
பஸ் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி வாசல் மட்டும் போய்விட்டேன்.
சேலையின் நிறம் தெரிய முதல்
சுட்டுவிரலால் மேசையில் ஒரு சுழி போட்டேன்,
எங்கள் தொழிலில் 'நீக்கு' என்பதற்கு அதுதான் குறி.
பிறகு நாலாம் வரியைச் சொன்னேன்,
கடைசி ஒற்றைக் கொஞ்சம் அழுத்தி.

அந்தப் பக்கம் மணி
இன்னும் போய்க்கொண்டிருந்தது.