மூன்று

அலாஸ்கா. ஃபேர்பேங்க்ஸ் படை மருத்துவமனை.
காலை எட்டரை, கும்மிருட்டு,
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
பென்சிலால் வட்டம் போட்ட தாளை
நீட்டுகிறார் சார்ஜென்ட் வெண்டெல் க்ருசின்ஸ்கி.

வந்தது முட்டி வலிக்கு.
தாள் கேட்பது குடியை.

மாதம் இரண்டு முதல் நான்கு தடவை.
உட்கார்ந்தால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.
ஆறைத் தொட்டது அபூர்வம்.
கூட்டினால் மூன்று.

நாலு வந்தால் நான் அடுத்த தாளை எடுக்க வேண்டும்.
மூன்று என்றால் நேரே முட்டிக்குப் போகலாம்.
இது அவருக்குத் தெரியும்.
இந்த வாரம் வந்த இருபத்திமூன்று பேரில்
பத்தொன்பது பேருக்குத் தெரிந்திருந்தது.
போன ஜூலையில் இதே தாளை என்னிடம் நீட்டினார்கள்.
நானும் மூன்று.

ஓரத்தில் படம் போட்டிருக்கிறது:
ஒரு பீர் கேன், ஒரு ஒயின் கிளாஸ்,
விரலளவு விஸ்கி.
இவற்றில் ஏதாவது ஒன்றுதான் 'ஒன்று'.
"என் கோப்பை இதில் இல்லையே"
என்று சிரிக்கிறார்.
காபி மக்கின் உயரத்தைக் கையால் காட்டிவிட்டு
காட்டிய கையைச் சட்டென்று
மடிக்குள் இழுத்துக்கொள்கிறார்.

எப்படி விழுந்தீர்கள்?
வாசற்படியில் ஐஸ்.
எத்தனை மணிக்கு?
விடிவதற்குள்.
இங்கே டிசம்பரில் விடிவது பத்தரைக்கு மேல்.
அந்தப் பதிலில் பொய்யே கிடையாது.

தாளை விளக்குக்குச் சாய்க்கிறேன்.
அழித்த இடம் பஞ்சாய் எழும்பி நிற்கிறது.
ரப்பர் தூள் இன்னும் அவர் சட்டைக் கையில்.
முதல் வட்டம் விழுந்தது
வலது கோடி, கடைசிக் கட்டத்தில்.

தாளில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன்:
வண்டி ஓட்டி வந்தது யார்?

மகள். ப்ரின். பதினாறு வயது.
லைசென்ஸ் வாங்கி ஒன்பது நாள்.
உள்ளே வரமாட்டாளாம்.

ஜன்னலில் தெரிகிறது,
கம்பத்து விளக்கின் கீழே
அணைக்காத எஞ்சினின் வெள்ளைப் புகை.
கரையவே மாட்டேன் என்று தொங்குகிறது.

"நாலு என்றால் முட்டிக்கு எக்ஸ்ரே எடுப்பீர்களா?"
எடுப்போம்.
"ஆறு?"
எடுப்போம்.
"பதவி உயர்வுப் பட்டியல் மார்ச்சில் வருகிறது."
தெரியும், சார்ஜென்ட்.

கொஞ்ச நேரம் முட்டியையே பார்க்கிறார்.

"ஒன்பது" என்கிறார்,
இந்த முறை கேள்வியாக இல்லை.
"பென்சிலைக் கொடுங்கள்."

முனை மழுங்கிக் கிடக்கிறது.
சீவுகிறேன்.
வேண்டிய கூர்மை எப்போதோ வந்துவிட்டது.
இன்னும் சீவிக்கொண்டிருக்கிறேன்.