அரை சதவீதம்

பன்னிரண்டு வோல்ட் உள்ளே.
ஒன்றுக்கும் குறைவாக வெளியே.
நடுவில் உளுந்தளவு சில்லு ஒன்று
திற, மூடு, திற, மூடு என்று
வினாடிக்கு ஆறு லட்சம் தரம்
சொல்லிக்கொண்டிருக்கிறது.

போவதைத் தொட்டுப் பார்க்கும்.
தன்னிடமுள்ள மாறாத ஓர் அளவோடு ஒப்பிடும்.
மயிரிழை குறைந்தால் அடுத்த திறப்பை நீட்டும்,
கூடினால் சுருக்கும்.
அவ்வளவுதான் அதன் அறிவு.
இருபத்தாறு வருஷமாக
எனக்குச் சோறு போடுவது அதுதான்.

வில்லாக் நகரம், ஜனவரி.
திராவ் ஆற்றின் மேல் மூன்று நாளாய் நகராத மூடுபனி.
சுமை குறைந்தால் சில்லு
துடிப்புகளைத் தாண்டித் தாண்டிப் போகும்;
வேலை இல்லாத நேரத்தில் செலவு எதற்கு என்று
நான்தான் அப்படி வகுத்தேன்.
எண்பத்தொன்பது சதவீதம்!
வெப்பக் கேமராவில் பலகை
நீலமாய்க் குளிர்ந்து கிடந்தது.
லாம்பெர்ட் என் கையைக் குலுக்கி
விடவே மறந்துபோனான்.

ஏழு மணிக்கு மேல்
செனாடா வந்தாள், தூசி உறிஞ்சியை இழுத்தபடி.
எங்கள் மேசையருகே அதை அணைத்தாள்.
தலை சாய்த்து நின்றாள்.
"இதற்குள் ஒரு கொசு மாட்டிக்கொண்டிருக்கிறது,
ஒரு வாரமாக.
யாரும் திறந்துவிட மாட்டீர்களா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
லாம்பெர்ட்டுக்கும் இல்லை.
எங்கள் இருவர் வயதைக் கூட்டினால் நூற்றுப் பதினேழு.
கேட்கக்கூடிய இளையவர்கள்
காதில் பாட்டை அடைத்திருந்தார்கள்.

மைக் வைத்தோம்.
பதினான்காயிரம் ஹெர்ட்ஸில்
திரையைக் குத்திக்கொண்டு ஒரு முள்.
நான் மிச்சம் பிடித்த இடைவெளிகள்தான்
காதின் எல்லைக்குள் இறங்கிவந்து
மின்தேக்கி ஒவ்வொன்றையும் நடுங்கவைத்து
பலகையைப் பறையாக்கியிருக்கின்றன.

இருபத்தையாயிரத்துக்குக் கீழே இறங்காதே,
வேலை இல்லாவிட்டாலும்
சும்மா கொஞ்சம் நடந்துகொண்டிரு
என்று ஒரு கட்டளை சேர்த்தேன்.
எண்பத்தெட்டரை.
வெப்பக் கேமராவில் ஒரு மூலை
லேசாகப் பச்சை கண்டது.

மறுநாள் அவள் உறிஞ்சியை அணைத்தாள். நின்றாள்.
நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம்,
அலைகாட்டியைப் பார்ப்பதுபோல.
ஒன்றும் சொல்லாமல் மறுபடி போட்டுவிட்டு
ஜன்னல் பக்கம் போனாள்.
எனக்கு
முன்பும் நிசப்தம், இப்போதும் நிசப்தம்.

அறிக்கையில் ஒரு கட்டம்:
இழப்புக்குக் காரணம்.
'இரைச்சல்' என்று எழுதி அழித்தேன்.
'செனாடா' என்று எழுதினேன்.

மியூனிக் அலுவலகம் அதை
ஏதோ ஒரு தர விதியின் பெயர் என்று எடுத்துக்கொண்டது.
விதி எண்ணும்
நடைமுறைக்கு வந்த ஆண்டும் கேட்டு
அஞ்சல் வந்திருக்கிறது.
இன்னும் பதில் போடவில்லை.